தேடித் தருபவர் யார்?

தில்லையடி என்னும் பெயரை மட்டும் கைத்தொலைபேசியில் எழுதித் தேடினால், முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் தமிழ்நாட்டிலே தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையடிதான். தென்னாபிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய அறப்போரிற் சிறை சென்று, 1914 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், பதினாறு வயதிலே உயிர் நீத்த வள்ளியம்மையின் பெயரோடு இணைந்து நிற்கும் ஊர் அது. அத்தகைய ஊர் முன்வரிசையில் நிற்பதைக் குறித்து எவருக்கும் மனக்குறை இருக்க நியாயமில்லை. ஆயினும், தேடியவர் இலங்கையிலே புத்தளம் களப்பின் கரையிலுள்ள மற்றொரு தில்லையடியைச் சேர்ந்தவராயின், தம் ஊரைத் தேடப்போய் அயலாரின் ஊரைக் கண்டு திரும்புகிறார். விடையிலே பிழை ஒன்றும் இல்லை. கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்பதுதான் விடை சொன்ன கருவிக்குத் தெரியவில்லை.

புத்தளத்துத் தில்லையடி, நகருக்குத் தெற்கே, பாலாவியை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ளது. மேற்கே களப்பு, களப்புக்கு அப்பால் கற்பிட்டித் தீபகற்பம், அதற்கும் அப்பால் கடல். தில்லை என்பது உவர்நீர்க் கரைகளில் வளரும் ஒரு மரம். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு என்று கரையோர மக்கள் பிள்ளைகளை எச்சரிப்பர். அம்மரத்தை நினைவூட்டும் பெயருடைய இவ்வூரிலே, பழங்குடிகளாக வாழ்ந்துவந்தோருடன், 1990 ஆம் ஆண்டிலே வந்து சேர்ந்தோரும் வாழ்கின்றனர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தோருக்கு, ஒக்டோபர் 30 ஆம் நாள், இரண்டு மணி நேரமே தவணை கொடுக்கப்பட்டது. உடுத்த உடையோடு வந்தவர்களிற் பெருந்தொகையானோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. ஓலைக் குடிசைகளாகத் தொடங்கிய குடியிருப்புகள் பின்னர் கல்வீடுகளாயின. அன்று கைக்குழந்தையாக வந்தவர் இன்று பிள்ளைகளுக்குத் தாயாகவும் தந்தையாகவும் இருக்கிறார்.

இத்தகையதோர் ஊரிலே கைத்தொலைபேசியின் பயன் எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வளைகுடா நாட்டில் உழைக்கும் தாய், பிள்ளையின் முகத்தை அதிலே காண்கிறாள். களப்பில் இறங்குமுன் காற்றின் போக்கை மீனவர் அதிலே பார்க்கின்றனர். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில், முன்பெல்லாம் பாடசாலை வாயிலிற் கூடிய கூட்டம், இன்று ஒரு சிறு கண்ணாடித் திரையைச் சுற்றி நிற்கிறது. இவையெல்லாம் நன்மையே. பேச்சுக்கு உரிய பொருள் வேறொன்று. உலகெங்கிலுமிருந்து நாள்தோறும் வந்து குவியும் புதுமைகளை, வியப்புகளை, வேடிக்கைகளைப் பெற்றுக்கொள்ளும் ஒருவருக்கு, அவற்றின் பொருளை எடுத்துச் சொல்பவர் யார் என்பதே அது.

அண்மையில் எல்லார் கைக்கும் வந்த ஒரு வேடிக்கையைப் பார்ப்போம். 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணியளவில், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோயிற்று. பாணந்துறை உப மின்நிலையத்திலே ஒரு குரங்கு நிலைமாற்றியைத் தொட்டுவிட்டமையே காரணம் என்று துறைக்குரிய அமைச்சர் கூறினார். அவ்வளவுதான்! அன்று மாலைக்குள் அந்தக் குரங்கு உலகப் புகழ் பெற்றுவிட்டது. இலண்டனிலும் சென்னையிலும் டொரன்டோவிலும் உள்ள தமிழர் ஒருவருக்கொருவர் அச்செய்தியை அனுப்பிச் சிரித்தனர். இலங்கையை எரித்த அனுமனுடன் அதனை ஒப்பிட்டோரும் பலர். தில்லையடியிலும் சிரித்திருப்பர், சிரிப்பதற்கு உரிய செய்திதான்.

ஆனால், ஒரு குரங்கு ஓர் ஊரின் மின்சாரத்தை நிறுத்தலாம். ஒரு நாட்டின் மின்சாரத்தை நிறுத்துவது எங்ஙனம்? இவ்வினாவைக் கேட்டவர் சிலரே. இதற்குரிய விடை, வேடிக்கைச் செய்தியைப் போன்று தானாக வந்து கதவைத் தட்டவில்லை. தேடியே பெற வேண்டியிருந்தது.

மின்சாரம், உண்டாகும் கணத்திலேயே செலவாக வேண்டிய பொருள். ஆக்கமும் செலவும் ஒத்திருக்கும் வரையில், மின்னோட்டம் செக்கனுக்கு 50 தடவை என்னும் சீரான மீடிறனில் ஊசலாடும். நீராலும் நிலக்கரியாலும் இயங்கும் நிலையங்களிலே மிகக் கனமான சுழலிகள் இடையறாது சுழல்கின்றன. குயவர் சுற்றிவிட்ட திகிரி, கையை எடுத்த பின்னரும் சிறிது நேரம் சுழல்வது போன்று, எங்கேனும் ஓரிடத்தில் இடையூறு நேர்ந்தாலும் இச்சுழலிகளின் சடத்துவம் அந்த அதிர்ச்சியைச் சிறிது நேரம் தாங்கிக்கொள்ளும். அதற்குள் ஏனைய நிலையங்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும். வீட்டுக் கூரைகளிலுள்ள சூரியத் தகடுகளிலோ சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை; தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தன; தேவை குறைவு. வெயிலோ கடுமை, சூரிய மின்சாரம் மிகுதி. ஆகவே, கனமான சுழலிகள் வழக்கத்தினும் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. அந்த வேளையிலே பாணந்துறையில் நேர்ந்த ஒரு பழுது, தாங்குவாரின்றி, மீடிறனைச் சரித்தது. ஒரு நிலையம் விலக, அதன் சுமை அடுத்ததன் மேல் விழ, அதுவும் விலக, தொடர்ந்து யாவும் விலகின.

விலகியவற்றுள் முதன்மையானது தில்லையடிக்குக் களப்பின் மறுபுறத்தில் உள்ளது. நுரைச்சோலையில் அமைந்த இலக்விஜய நிலக்கரி மின்நிலையம், 2011 ஆம் ஆண்டிலே முதற்பிரிவையும், 2014 ஆம் ஆண்டுக்குள் ஏனைய இரு பிரிவுகளையும் இயக்கத் தொடங்கிற்று. ஒவ்வொன்றும் 300 மெகாவாட். ஆக 900 மெகாவாட். நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம் அதுவே. அம்மூன்று பிரிவுகளும் அன்று ஒருசேர நின்றன. நிலக்கரி நிலையம் விளக்கைப் போன்று ஏற்றி அணைக்கத்தக்கதன்று. கொதிகலனையும் நீராவிக் குழாய்களையும் சுழலியையும் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும்; அவசரப்பட்டால் உலோகம் விரிந்து பிளக்கும். ஆகையினால், அன்று மாலை பெரும்பாலான இடங்களுக்கு மின்சாரம் திரும்பிவந்த போதிலும், அடுத்த இரு நாள்களும் நாடு முழுவதும் முறைவைத்து ஒன்றரை மணி நேரம் மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. குரங்கின் கதையைக் கேட்டுச் சிரித்தவர், மறுநாள் இருளில் இருந்தபோது, குரங்குக்கும் இவ்விருளுக்கும் இடையேயுள்ள தொடர்பை அறியாதிருந்தார். கூரைமேற் சூரியத் தகடு பொருத்த எண்ணிப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அத்தொடர்பு வெறும் வேடிக்கையன்று. நண்பகலில் எவ்வளவு மின்சாரத்தை நாடு ஏற்கும், சேமிப்புக் கலம் வேண்டுமா வேண்டாவா என்பவையெல்லாம் அதனுள்ளே அடங்கியுள்ளன.

இவ்வாறு தேடி எடுத்து, பொருள் பிரித்து, கேட்பவரின் மொழியில் எடுத்துரைக்கும் பணியை ஒரு வானொலி நிலையம் முன்னொரு காலத்தில் மேற்கொண்டிருந்தது. அது இலங்கையிலேயே நடந்தது. உலகின் பல நாடுகள் அதனைப் பார்த்துப் பாடம் கற்றன. எனினும் இந்நாட்டிலே அதனை நினைவில் வைத்திருப்போர் சிலரே.

மகாவலித் திட்டத்தின் கீழ் கொத்மலையில் எழுந்த அணை, 1985 ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்டது. அந்நீர்த்தேக்கத்தினால் வயலும் வீடும் கோயிலும் நீரில் மூழ்க, ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். மகாவலிப் பிரதேசத்து மக்களுக்கென அமைந்த சமுதாய வானொலித் திட்டத்தின் தொடர்ச்சியாக, 1989 ஆம் ஆண்டிலே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் கொத்மலையில் ஒரு சிறு நிலையத்தை நிறுவிற்று. கிராமத்தார் தம் ஊர்ச் செய்தியையும் குறைகளையும் பாட்டையும் தாமே ஒலிபரப்பும் நிலையம் அது. 1990களின் இறுதியில், யுனெஸ்கோ நிறுவனத்தின் உதவியோடு, அந்நிலையத்துக்கு இணையத் தொடர்பு கிடைத்தது. அக்காலத்தில், மலைநாட்டுக் கிராமம் ஒன்றில் இணையம் என்பது வானத்தில் கட்டிய மாளிகைக்கு ஒப்பானது. கணினி வாங்க வசதியில்லை. தொலைபேசிக் கம்பியே பல வீடுகளுக்குச் சென்றதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, இணையத்தில் இருந்தவற்றுள் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே இருந்தது.

நிலையத்தார் கண்ட வழி எளியது. கிராமத்தவர் தாம் அறிய விரும்புவதைத் தபாலட்டையில் எழுதி அனுப்பலாம். அறிவிப்பாளர் அவ்வினாவுக்குரிய செய்தியை இணையத்தில் தேடி எடுப்பார். பின்னர், குறித்த நேரத்தில், ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, கண்டவற்றைக் கேட்போரின் மொழியிலே எடுத்துச் சொல்வார். சொல்வது அவர் மட்டுமன்று. நோயைப் பற்றிய வினாவாயின் அவ்வூர் வைத்தியர் ஒருவர் அருகிலிருந்து, இணையம் கூறுவதில் இவ்வூருக்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது என்று விளக்குவார். பிற துறைகளைப் பற்றிய வினாக்களுக்கும் இவ்வாறே அறிந்தவர் அழைக்கப்படுவர். இணையத்தைத் தாமே பார்க்க விரும்புவோருக்கெனக் கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய ஊர்களின் நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. பின்னாளில், முச்சக்கர வண்டி ஒன்றிலே கணினியையும் ஒலிபெருக்கியையும் ஏற்றிக்கொண்டு, நூலகத்துக்கும் வர இயலாதவர்களின் வாசலுக்கே சென்றனர். முச்சக்கர வண்டியினால் இத்தகைய பயனும் உண்டென்று அதனைக் கண்டுபிடித்தவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார்!

இம்முறையிலே இருந்த நயம் மூன்று இடங்களில் புலப்படுகிறது. வினா, கேட்டவரின் வாழ்விலிருந்து பிறந்தது. எவரோ எங்கிருந்தோ அனுப்பியதன்று. விடை, ஒருவர் வாயிலிருந்து நேரே வந்தமையால், பிழை நேர்ந்தால் அடுத்த சந்தையில் அவரைப் பிடித்து நிறுத்திக் கேட்கலாம். ஒருவர் வினாவுக்குரிய விடையை ஊரார் அனைவரும் ஒரே வேளையிற் கேட்டனர். ஆகவே, அதைப் பற்றி ஊரிலே பேச்சு எழுந்தது. அம்முறைக்குக் குறைகளும் இருந்தன. வாரத்திற்கு எத்தனை வினாக்களுக்குத்தான் விடை சொல்ல இயலும்? வெளிநாட்டு உதவி குன்றியபோது பணியும் சுருங்கிற்று. பிற்காலத்தில் கைத்தொலைபேசி மலிந்து, இணையம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் புகுந்தபோது, இடையில் நின்று எடுத்துரைப்பவர் இனித் தேவையில்லை என்று எல்லாரும் எண்ணிவிட்டனர்.

வானொலியே ஒரு காலத்தில் இத்தகைய புதுமையாகத்தான் வந்தது. 1924 ஆம் ஆண்டிலே, தந்தித் திணைக்களத்து எந்திரவியலாளராகிய எட்வர்ட் ஹார்ப்பர் என்பார், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலே, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுச் சோதனை ஒலிபரப்பு நடத்தினார். அதற்கு அவர் பயன்படுத்திய கருவி, கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பொறிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது என்பர். 1925 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒலிபரப்பு முறைப்படி தொடங்கப்பட்டது. வானொலிப் பெட்டி ஊருக்கு ஒன்றிரண்டாக இருந்த நாள்களில், தேநீர்க் கடையிலும் வாசிகசாலையிலும் கூடிநின்றே செய்தி கேட்டனர். கேட்ட செய்தியை அங்கேயே ஒருவர் மறுப்பார், ஒருவர் விளக்குவார், வயதில் மூத்தவர் ஒருவர், “பொறு, நாளைக்கும் என்ன சொல்கிறான் என்று பார்ப்போம்” என்று அடக்குவார். அந்தக் கூட்டம், தன்னையறியாமலே, செய்தியைச் சலித்தெடுக்கும் அரிதட்டாக இருந்தது.

அரிதட்டு இல்லாதவிடத்து நேர்ந்தவற்றை நாடு மறக்கவில்லை. 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில், அம்பாறை நகரிலே தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவினுள் கிடந்த ஒரு சிறு கட்டியைக் கண்ட வாடிக்கையாளர், அது மகப்பேற்றைத் தடுக்கும் மாத்திரை என்று குற்றஞ்சாட்டினார். வினா சிங்களத்திற் கேட்கப்பட்டது. பணம் வாங்குமிடத்தில் இருந்தவருக்கு அம்மொழி சரியாகப் புரியவில்லை. அச்சத்திலே அவர் தடுமாறிச் சொன்ன சொல், ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளப்பட்டது. அக்காட்சி கைத்தொலைபேசியிற் படமாக்கப்பட்டு நாடெங்கும் பரவிற்று. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் பரிசோதித்தபோது, அந்தக் கட்டி வெறும் மாவே என்று தெரிந்தது. உணவில் இட்டு ஒருவரை நிலையாக மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவ உலகிலேயே இல்லை. இதனை ஒரு வைத்தியர் ஐந்து நிமிடத்திற் கூறியிருப்பார். அந்த ஐந்து நிமிடம் எவருக்கும் கிடைக்கவில்லை. சில நாள்களிற் கண்டி மாவட்டத்துத் திகணையிலும் தெல்தெனியாவிலும் கலவரம் மூண்டு, நாட்டில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. முகநூல் முதலியவை சில நாள் தடைசெய்யப்பட்டன. அவ்வன்முறையிலே தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 ஆம் ஆண்டிலே வருத்தம் தெரிவித்தது. வருத்தம் வருவதற்கு இரண்டாண்டுகள் ஆயின.

இதனினும் அண்மையில், புத்தளம் மாவட்டத்துக்குள்ளேயே நடந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புகளால் நாடு நடுங்கிக்கொண்டிருந்த வேளை. மே 12 ஆம் நாள், சிலாபத்து முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலிலே யாரோ ஒருவரோடு நடந்த சொல்லாடலில், அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்னும் பொருள்பட, அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். தன்னைப் பார்த்துச் சிரித்தவருக்கு அவர் கூறிய மறுமொழி அது. ஆங்கிலம் நன்கறியாத ஒருவர் எழுதியதை, ஆங்கிலம் நன்கறியாத பலர் படித்தனர். மற்றொரு தாக்குதல் வரப்போகிறது என்னும் மிரட்டலாக அவ்வரி பொருள்கொள்ளப்பட்டது. கடைகள் கல்லெறிபட்டன, ஊரடங்குச் சட்டம் பிறந்தது. மறுநாள் குருநாகல், புத்தளம், கம்பகா மாவட்டங்களுக்கு வன்முறை பரவிற்று. புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையிலே, தச்சுத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். சிலாபம், தில்லையடியிலிருந்து கொழும்பு செல்லும் அதே பெருவழியில் உள்ள ஊர். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள், அந்த இரவைத் தில்லையடியில் எவ்வாறு கழித்திருப்பர் என்பதை நேயர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு வாக்கியத்தை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்வதைப் பள்ளிக்கூடத்துப் பயிற்சி என்று எண்ணுவோர் உண்டு. எட்டாம் வகுப்பு மாணாக்கர் அதிலே தவறிழைத்தால் ஓரிரு புள்ளிகள் குறையும். சிலாபத்திலே குறைந்தது அதுவன்று.

இப்பொழுது மற்றொரு புதுமையும் வந்துள்ளது. 2022 ஆம் ஆண்டு நவம்பரில் சட்ஜிபிடி வெளியான நாள் முதலாக, கேட்ட வினாவுக்கு மனிதர் பேசுவது போன்றே விடை சொல்லும் இயந்திரங்கள் பெருகிவிட்டன. தமிழிலும் அவை சரளமாக விடை கூறுகின்றன. ஆங்கிலம் அறியாத தாய் ஒருத்தி, பிள்ளையின் காய்ச்சலைப் பற்றித் தன் மொழியிலே கேட்டு விடை பெறலாம் என்பது சிறிய நன்மையன்று. கொத்மலையின் அறிவிப்பாளர் குறித்த நேரத்தில் செய்ததை இது நொடிக்கு நொடி செய்கிறது. ஆயினும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவ்வியந்திரத்துக்கு இன்னும் முழுமையாக வந்தபாடில்லை. இல்லாத நூலையும், நடவாத நிகழ்ச்சியையும், உள்ளது போலவும் நடந்தது போலவும், குரல் தளராது கூறிவிடும். இணையத்திலே தமிழில் எழுதப்பட்டது குறைவு. ஈழத்துக் கரையோர ஊர்களைப் பற்றி எழுதப்பட்டது அதனினும் குறைவு. குறைவாக எழுதப்பட்ட ஊரைப் பற்றியே இயந்திரம் கூடுதலாகக் கற்பனை செய்யும். கொத்மலை அறிவிப்பாளரைச் சந்தையிலே பிடித்து நிறுத்தலாம். இதனை எந்தச் சந்தையில் பிடிப்பது?

ஆகவே, எழுதப்படாததை எழுதி வைப்போரின் பணி பெரும்பணி என்றே கருத வேண்டும். 2005 ஆம் ஆண்டிலே இளைஞர் சிலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம், ஈழத்திலே வெளிவந்த நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பாடசாலை மலர்களையும் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, எவரும் எங்கிருந்தும் இலவசமாகப் படிக்கும்படி வைத்துள்ளது. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டதை அறிந்தவர்களுக்கு அம்முயற்சியின் அருமை தானே விளங்கும். வடபுலத்து முஸ்லிம்களைப் பொறுத்தவரையில், நூலகம் எரிந்ததோடு இழப்பு முடியவில்லை. 1990 ஆம் ஆண்டிலே வீட்டை விட்டு நீங்கியபோது, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், திருமணப் படம், பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை ஆகியவற்றைப் பலர் விட்டுவிட்டே வந்தனர். அவை எந்த நூலகத்திலும் இல்லை. அவற்றிலே இருந்த செய்தி, முதியோர் சிலரின் நினைவில் மட்டும் இருக்கிறது. அந்த வெளியேற்றத்தை ஆராய்ந்த குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று, 2011 ஆம் ஆண்டிலே அறிக்கை வெளியிட்டது. பாதிக்கப்பட்டோர் வாய்மொழியாகக் கூறியவையே அதற்கு ஆதாரமாயின.

இனி, வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு பூமியைக் காட்டும் கூகிள் எர்த் என்னும் வசதி வந்ததும் அதே 2005 ஆம் ஆண்டிலேதான். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பெருவழி மூடப்பட்டது. வழி மூடப்பட்டிருந்த ஆண்டுகளிலே, யாழ்ப்பாணத்துச் சோனகதெருவை, புத்தளத்தில் ஒரு கணினியின் முன் அமர்ந்து, வானத்திலிருந்து குனிந்து நோக்குவது போற் காண இயலுமாயிற்று. கால் செல்ல இயலாத இடத்துக்குக் கண் சென்றது. புதுமைகள் என்று கூறப்படுவனவற்றுள் இதற்கு நிகரானது வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

போர் முடிந்து, வழி திறந்து, பலர் சென்று பார்த்தும் வந்துவிட்டனர். சிலர் மீண்டும் அங்கே குடியேறினர். தில்லையடியிலேயே வேர் ஊன்றியோர் பலர். இன்றும் அவ்வூரில், மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து, பேரன் கையிலுள்ள தொலைபேசியிலே அந்தத் தெருவைப் பார்க்கும் பாட்டனார் இருக்கிறார். பேரன் இரு விரல்களால் படத்தை விரிக்கிறான். கூரைகள் பெரிதாகின்றன. பாதைகளுக்குப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது, கடைகளுக்கும் எழுதப்பட்டிருக்கிறது. பாட்டனார் தேடும் வீட்டின் மேல் எழுத்து ஒன்றும் இல்லை. கூரை இருந்த இடத்திலே பச்சையாக ஏதோ தெரிகிறது. மரமோ, பற்றையோ, மேலிருந்து பார்க்கையிற் புலப்படவில்லை.

“மகன், இதில கிணறு எந்தப் பக்கம் கிடக்குது?” என்கிறார் பாட்டனார்.

தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பேரன், தனக்குத் தெரியவில்லை என்கிறான். பாட்டனார் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, மணலிலே கோடு கீறத் தொடங்குகிறார். இது வாசல்; இது மாமரம்; இங்கே மதில்; மதிலுக்கு அப்பால் மச்சானின் வீடு. பேரன் தொலைபேசியை அருகில் வைத்து, அந்தக் கோடுகளை ஒரு படம் எடுத்துக்கொள்கிறான்.